ஒருமுறை படித்தால் போதும்

"சிடியைப் போட்டா டிரைவ் எடுக்கவே மாட்டேங்குது." பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கணினி பழுதுபார்க்கும் கடைகளில் இந்தப் புகார் இன்னும் ஓயவில்லை. சொல்பவருக்கு அது ஒரே கோளாறு. திறந்து பார்ப்பவருக்கோ, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல கோளாறுகளின் பொதுப்பெயர் அது. லென்ஸில் படிந்த ஈரமாக இருக்கலாம். வலுவிழந்த லேசராக இருக்கலாம். பதிவை முடித்து மூடாமல் விட்ட தட்டாக இருக்கலாம். மின்சாரம் போதாத யுஎஸ்பி கம்பியாகவோ, எப்போதோ நீக்கிய மென்பொருள் விட்டுச்சென்ற இரண்டு வரியாகவோகூட இருக்கலாம். எதுவானாலும் பெரும்பாலும் திரையில் வருவது ஒரே செய்திதான்: தட்டைப் போடவும்.

புகாருக்குக் கிடைக்கும் பதில்களும் பெரும்பாலும் இரண்டே. "சிடி போச்சு" அல்லது "டிரைவ் போச்சு, புதுசு வாங்குங்க." இரண்டாவது பதிலால் கொஞ்சம் பணம்தான் நட்டம். முதல் பதிலை நம்பிப் பலர் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அந்தத் தட்டுக்கு வேறு பிரதியே இல்லாதபோதும். இந்தக் கேள்வியில் இதுவரை சொல்லப்பட்டுவரும் காரணங்களையும் கைவைத்தியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், டிரைவைப் பழையபடி ஓடவைப்பதை இலக்காகக் கொள்வதே தவறு என்று எனக்குப் படுகிறது. தட்டில் இருப்பது ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழுதாக வெளியே வந்துவிட்டால் போதும். இலக்கை இப்படி மாற்றிக்கொண்டால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் மாறிவிடுகிறது.

பினாங்கில் இது ஏன் இன்னும் உயிரோடிருக்கும் கேள்வி என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நான்கு நிறுவனங்களும் 1993இல் விசிடிக்கான வரையறையை வகுத்தன. மேலை நாடுகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் நாடாவிலிருந்து நேரே டிவிடிக்குப் போயின. ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் வீட்டுக்கு வீடு விசிடி புகுந்தது. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 நிமிடம். ஆகவே ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு தட்டு, நீளமானால் மூன்று. டிவிடிக்கு இருப்பதுபோல் வட்டாரக் கட்டுப்பாடு விசிடிக்குக் கிடையாது. சென்னையில் வாங்கியதும் லெபோ பாசாரில் வாங்கியதும் ஒரே பெட்டியில் ஓடின. லிட்டில் இந்தியாவில் கடை வாசல் ஒலிபெருக்கிகள் பாடிக்கொண்டிருக்க, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தைகளில் திருட்டு விசிடி குவிந்து கிடந்த காலம் அது. மலேசிய அரசு 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து, தட்டு அச்சடிக்கும் ஆலைகளுக்கு உரிமமும் தயாரிப்பாளர் குறியீடும் கட்டாயமாக்கியது. அசல் தட்டுகளில் மின்னும் ஹாலோகிராம் வில்லையை ஒட்டும் விதி அதைத் தொடர்ந்து வந்தது. 2007இல் பாலிகார்பனேட்டின் மணத்தை முகர்ந்து பதுக்கலைக் காட்டிக்கொடுக்கப் பழக்கிய லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்களையே மலேசியாவுக்கு அழைத்துவந்தார்கள்.

திரைப்படத் தட்டுகள் போனால் போகட்டும். பெரும்பாலானவை வேறு வழியில் கிடைத்துவிடும். கவலை மற்ற தட்டுகளைப் பற்றியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பினாங்கில் நடந்த தமிழ்த் திருமணங்களும், காதணி விழாக்களும், சடங்குகளும், தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் காவடி எடுத்த காட்சிகளும், கோயில் கும்பாபிஷேகங்களும், தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாக்களும் தட்டில்தான் இருக்கின்றன. படம் எடுத்தவர் நாடாவில் பதிந்ததைத் தட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, நாடாவை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பார். பள்ளிகளில் வேறொரு குவியல் உண்டு. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை வந்தபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் பாடத் தட்டுகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கில்லை. அந்தக் கொள்கை கைவிடப்பட்டதும் தட்டுகள் அலமாரியில் தங்கிவிட்டன. கல்வி வரலாறு எழுத வருபவருக்கு அவை நேரடிச் சான்று.

சரி, தட்டு உள்ளே போனதும் டிரைவ் அதை எப்படி அடையாளம் காண்கிறது? கோளாறை இனம்பிரிக்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

சிடி என்பது 120 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிமனும் கொண்ட பாலிகார்பனேட் வட்டு. அதன் தடம் உட்புறத்தில் தொடங்கி வெளிநோக்கிச் சுருளாக விரிகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே சிடியில் 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74 மைக்ரான் மட்டுமே இடைவெளி. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், புளூரேக்கு 405 நானோமீட்டர் ஊதா லேசர். டிவிடி டிரைவின் 'கண்ணுக்குள்' (லேசரும் லென்ஸும் அடங்கிய பகுதி) முதல் இரண்டும் அருகருகே இருக்கும்.

தட்டு அமர்ந்ததும் கண் வண்டி உள்விளிம்புக்கு நகர்கிறது. லேசர் எரிகிறது. மெல்லிய கம்பிகளில் தொங்கும் சிறு பிளாஸ்டிக் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து, தட்டிலிருந்து ஒளி திரும்பி வருகிறதா என்று தேடுகிறது. பதிவுப் படலம் சிடியில் அடிப்பரப்பிலிருந்து 1.2 மி.மீ. ஆழத்தில், டிவிடியில் 0.6 மி.மீ. ஆழத்தில் இருப்பதால், எந்த உயரத்தில் ஒளி கூர்மையாகத் திரும்புகிறது என்பதை வைத்தே டிரைவ் தட்டின் வகையை ஊகிக்கிறது. ஒளி கிடைத்தால் மோட்டார் சுழலும். சுழலும் தட்டு மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை விடாமல் பின்தொடர்ந்து ஏறத்தாழ ஒரு மைக்ரான் துல்லியத்தில் லென்ஸ் குவியத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். பிறகு தடத்தைப் பற்றிக்கொண்டு, உள்விளிம்பில் இருக்கும் பொருளடக்கத்தைப் படிக்கிறது. அது கையில் கிடைத்தபிறகே "தட்டு இருக்கிறது" என்று கணினிக்குச் சொல்கிறது. இடையில் எங்கே தடுக்கினாலும் சில தடவை முயன்றுபார்த்துவிட்டு, தட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

எந்தப் படியில் நின்றது என்பதைக் காதால் அறியலாம். எந்தக் கருவியும் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு டிரைவின் அருகே காதை வைத்தால் போதும்.

தட்டு சுழலவே இல்லை, உள்ளே மெல்லிய கிர்ர் ஒலி சிலமுறை கேட்டு அடங்குகிறது என்றால், லென்ஸ் தேடியும் ஒளி திரும்பவில்லை. லென்ஸில் அழுக்கு, லேசர் செத்துவிட்டது, தட்டு தலைகீழ் என்று மூன்று வாய்ப்பு. மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் நான்காவது ஒன்றும் உண்டு. அதில் தட்டை நடுக்குமிழில் அழுத்தி, 'டக்' என்று பிடித்துக்கொள்ளும்படி பொருத்த வேண்டும். சும்மா வைத்து மூடினால் தட்டு சரிந்து நிற்கும், லென்ஸ் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மேசைக் கணினி டிரைவில் பழகியவர்கள் இதை அறியாமல் டிரைவையே குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

சுழல்கிறது, நிற்கிறது, மறுபடி சுழல்கிறது, நிற்கிறது என்றால் குவியம் கிடைத்துவிட்டது, பொருளடக்கம் கிடைக்கவில்லை. உள்விளிம்பில் கீறல் இருக்கலாம், லேசர் தளர்ந்திருக்கலாம், தட்டின் ஒளி மங்கலாக இருக்கலாம். வெகுநேரம் வேகமாகச் சுழன்று, வேகம் குறைந்து, கணினியே உறைந்துபோனதுபோல் நின்றால் நல்ல செய்தி: பொருளடக்கம் படித்தாகிவிட்டது, உள்ளே சில பகுதிகள் மட்டுமே கெட்டிருக்கின்றன. யுஎஸ்பி இணைப்பு அறுந்து மீண்டும் சேரும் ஒலி திரும்பத் திரும்ப வந்தால் அது மின்சாரக் குறை. தட்டுக்கும் லென்ஸுக்கும் அதில் பங்கில்லை.

காதுக்கு அடுத்த சோதனை தட்டை மாற்றுவது. ஆனால் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு தட்டைப் போட்டுப் பார்ப்பது சோதனையாகாது. ஆலையில் அச்சடித்த பாட்டு சிடி, ஆலையில் அச்சடித்த பட டிவிடி, வீட்டில் பதிந்த சிடி, வீட்டில் பதிந்த டிவிடி என்று நான்கு வகையும் வேண்டும். டிவிடிகள் எல்லாம் படித்து சிடிகள் மட்டும் படிக்கவில்லை என்றால் 780 நானோமீட்டர் லேசர் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இரண்டு லேசரும் ஒரே லென்ஸைப் பகிர்ந்துகொள்ளும் டிரைவில், லென்ஸ் அழுக்காக இருந்தால் இரண்டு வகையுமே தடுமாறியிருக்க வேண்டும். அச்சடித்தவை படித்து, வீட்டில் பதிந்தவை மட்டும் படிக்கவில்லை என்றால் லேசர் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பதிவுத் தட்டுகளின் படலம் மங்கியிருக்கிறது.

இதற்குக் காரணம் ஒளி திரும்பும் அளவில் இருக்கிறது. அச்சடித்த சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 விழுக்காடாவது திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வரையறை. ஒருமுறை பதியும் சிடிக்கு அது 65ஐ ஒட்டி. அழித்து அழித்துப் பதியும் சிடிக்கோ வெறும் 15 முதல் 25 விழுக்காடு. டிவிடியிலும் ஒற்றைப் படலத் தட்டு 45க்கு மேல் திருப்பும். இரட்டைப் படலத் தட்டு 18 முதல் 30 வரை மட்டுமே. லேசர் தளரத் தளர முதலில் கைவிடப்படுவது அழித்துப் பதியும் தட்டு, பிறகு இரட்டைப் படல டிவிடி, பிறகு சாதாரணப் பதிவுத் தட்டு. "பாட்டு சிடி நல்லா ஓடுது, கல்யாண சிடிதான் ஓடல, அப்போ கல்யாண சிடிதானே கெட்டுப்போச்சு?" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. வலுவான லேசர் உள்ள வேறொரு டிரைவில் அதே கல்யாண சிடி ஓடிவிடக்கூடும்.

தட்டின் பக்கம் வருவோம். அச்சடித்த தட்டில் தகவல் என்பது பிளாஸ்டிக்கில் பதிந்த பள்ளங்கள். வீட்டில் பதிந்த தட்டில் அது ஒரு சாயப் படலம். லேசர் சுட்ட இடங்கள் கருகி, பள்ளம்போல் நடிக்கின்றன. சாயம் கரிமப் பொருள், ஆகவே ஒளியிலும் வெப்பத்திலும் வெளிறும். அடிப்பக்கத்தின் நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம்: சயனின் பசுநீலமாக, அசோ கருநீலமாக, தாலோசயனின் வெளிர்பொன்னாக அல்லது வெளிர்பச்சையாகத் தெரியும். கனடாவின் காப்பியல் நிறுவனம் தரும் மதிப்பீட்டில் தாலோசயனின் சாயமும் தங்கப் படலமும் கொண்ட சிடி நூறாண்டுக்கு மேல் தாங்கும். சாதாரண வெள்ளிக்கலவைப் படலமுள்ள, ஒருமுறை பதியும் டிவிடி (டிவிடி ஆர்) 10 முதல் 20 ஆண்டு. நம் கல்யாணங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில் இருக்கின்றன, அவற்றுக்குக் கொடுத்த கெடுவும் முடிந்துவிட்டது.

கீறலைப் பற்றித் தேவைக்கு மேல் அஞ்சுகிறோம். அடிப்பக்கக் கீறலைச் சமாளிப்பதற்கென்றே சிடியின் பிழைதிருத்த முறை வகுக்கப்பட்டது. தடத்தில் ஏறத்தாழ 2.5 மி.மீ. நீளம் தொடர்ந்து அழிந்தாலும் அது மீட்டெடுக்கும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கணமே வெட்டிச் செல்வதால் தீங்கு குறைவு. தடத்தோடு வட்டமாக ஓடும் கீறலே ஆபத்தானது. தட்டை வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைக்கச் சொல்வது இதனால்தான். அஞ்ச வேண்டிய பக்கம் மேல்பக்கம். சிடியில் உலோகப் படலத்துக்கும் வெளியுலகத்துக்கும் இடையே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே உண்டு. மாப்பிள்ளை, பெண் பெயரைக் கூர்முனைப் பேனாவால் அதில் எழுதினால் அந்த எழுத்தே தகவலை அறுத்துவிடும். டிவிடியில் பதிவுப் படலம் இரண்டு 0.6 மி.மீ. வட்டுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

தட்டை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மேல்பக்கம் சல்லடைபோல் துளைகள் தெரிந்தால் அந்த இடங்களில் இருந்தவை திரும்பிவராது. ஆனால் அந்த இடங்களில் மட்டும்தான்.

இன்னொரு வகைத் தட்டு முழு ஆரோக்கியத்தோடு இருந்தும் படிக்காது. பதிவு செய்தவர் இறுதியில் முடித்து மூடும் படியைச் செய்யாமல் விட்ட தட்டு அது. வீட்டு டிவிடி ரெக்கார்டர்களில் இது அடிக்கடி நடந்தது. பதிந்த அதே கருவியில் ஓடும், வேறெங்கும் வெற்றுத் தட்டாகக் காட்டும். பழைய ரெக்கார்டர் உறவினர் வீட்டில் எங்கேனும் இருந்தால் அதிலேயே போட்டு மூடிவிடுவது சிறந்த வழி. இல்லையென்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் மூடாத தட்டிலிருந்தும் காட்சிகளைப் பிடுங்கித் தரும்.

விசிடியில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இடம் மிச்சம் பிடிப்பதற்காக, கணினித் தகவலுக்குச் சிடியில் தரப்படும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கை விசிடியின் காட்சிப் பகுதியில் நீக்கிவிட்டார்கள். ஒரு துண்டில் 2048 பைட்டுக்குப் பதில் 2324 பைட் அடங்குவது அப்படித்தான். தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடும்போது கெட்ட இடத்தில் படம் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடைந்துவிட்டுத் தொடரும். கணினியில் அதே கோப்பை நகலெடுக்கப் போனால், ஒரு துண்டு கெட்டிருந்தாலும் விண்டோஸ் பிழைச்செய்தி காட்டி மொத்தத்தையும் நிறுத்திவிடும். "கம்ப்யூட்டர் எடுக்கல, டிவியில மட்டும் ஓடுது" என்பதன் பொருள் இதுதான். கெட்ட துண்டைத் தாண்டிப் போகும் மென்பொருளில் நகலெடுத்தால் படம் வந்துவிடும், நடுவே சில கறைகளோடு.

பினாங்கின் காற்றை இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியில் தட்டுகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. ஜார்ஜ் டவுனில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது; வெப்பம் இரவிலும் பெரும்பாலும் அந்த 20 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் பெலீஸில், இதேபோன்ற வெப்ப ஈரக் காற்றில் கிடந்த ஒரு சிடியில் பூஞ்சை விளிம்பு வழியாக நுழைந்து படலத்தைத் தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001இல் விவரித்தார்கள். அது அரிய நிகழ்வு. ஆனால் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கிளைவிடும் கறை தெரிந்தால் அந்தத் தட்டைத் தனியே எடுத்து முதலில் நகலெடுக்க வேண்டும்.

அன்றாடம் நடப்பது வேறு. குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து மடிக்கணினியை வெளியே கொண்டுவந்து, வீட்டில் உடனே திறந்து தட்டைப் போட்டால், குளிர்ந்த லென்ஸின்மேல் ஈரம் பனிபோல் படியும். டிரைவ் எந்தத் தட்டையும் எடுக்காது. ஒன்றிரண்டு மணிநேரம் அப்படியே விட்டுவிட்டால் தானாகச் சரியாகும். அதற்குள் திருப்புளியை எடுப்பவர்களே அதிகம். சமையலறையை ஒட்டிய கூடத்தில் எண்ணெய் ஆவி, பூசை மாடத்தின் சாம்பிராணிப் புகை, சுமாத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் எல்லாம் லென்ஸில் மெல்லிய பிசுக்காகச் சேரும். பிசுக்கின்மேல் தூசு ஒட்டிக்கொள்ளும். தட்டின் மேல்பக்கம் ஒட்டிய காகிதப் படமும் இந்தக் காற்றில் உப்பி ஓரம் கிளம்பும். உயர்வேகத்தில் சுழலும்போது எடை ஒருபுறம் சாய்ந்து தட்டு உதறும். லென்ஸால் பின்தொடர முடியாது. அப்படிப்பட்ட காகிதத்தை உரிக்கக் கூடாது, அரக்குப் பூச்சும் படலமும் சேர்ந்து வந்துவிடும். குறைந்த வேகத்தில் படிக்கவைப்பதே வழி.

கணினிப் பக்கத்துக் காரணங்களை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இவை தெளிவானவை. முதலில் பார்க்க வேண்டியது டிரைவின் பெயர் கணினியின் பட்டியலில் இருக்கிறதா என்பது. பெயரே இல்லை, அல்லது மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு இருக்கிறது என்றால் தட்டை மறந்துவிடலாம். பழைய பதிவு மென்பொருளை நீக்கும்போது விண்டோஸ் பதிவேட்டில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகள் தங்கிவிட்டால், பிழை எண் 19 அல்லது 39 காட்டி டிரைவ் மறைந்துபோகும். அவற்றை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்கினால் திரும்பிவரும். பெயர் சரியாகத் தெரிந்து தட்டு மட்டும் படிக்காத டிரைவுக்கு இந்த மருந்தைக் கொடுப்பது வீண்வேலை. யுஎஸ்பி டிரைவுக்கு மின்சாரம் பார்க்க வேண்டும். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் தரும். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் சில டிரைவுகள் அதைவிட அதிகம் இழுக்கின்றன. இரட்டைத் தலைக் கம்பியோ, தனி மின்சாரமுள்ள ஹப்போ தீர்த்துவைக்கும். டிவிடியின் கோப்புகள் தெரிந்து படம் மட்டும் ஓடவில்லை என்றால் விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது நினைவுக்கு வர வேண்டும். விஎல்சி போட்டால் ஓடும். மலேசியா மூன்றாம் வட்டாரம், இந்தியா ஐந்தாம் வட்டாரம் என்பதும் சில டிவிடிகளில் குறுக்கிடும். கணினி டிரைவில் வட்டாரத்தை ஐந்து தடவைக்குமேல் மாற்ற முடியாது, ஆகவே அதை யோசித்தே தொட வேண்டும்.

கைவைத்தியங்களில் எது தேறும்? லென்ஸைத் துடைப்பது தேறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால், லென்ஸ் தொங்கும் கம்பிகள் வளையாதபடி தொட்டெடுக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கி அத்தோடு முடிந்தது. மெல்லிய டிரைவில் லென்ஸ், தட்டு வைக்கும் இழுப்பறையோடே வெளியே வருவதால் இது எளிது. மேசைக் கணினி டிரைவை மின்சாரத்திலிருந்து பிரித்து மேல்மூடியைக் கழற்ற வேண்டும். மூடி திறந்த நிலையில் ஓடவிட்டு உள்ளே பார்க்கவே கூடாது. அகச்சிவப்பு லேசர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, விழித்திரையை மட்டும் சுட்டுவிடும். சிறு தூரிகை ஒட்டிய துடைப்புத் தட்டுகள் உலர்ந்த தூசுக்கு உதவும், பிசுக்குக்கு உதவாது.

பற்பசையால் தேய்ப்பது அடிப்பக்கத்து மேலோட்டமான கீறலுக்கு ஓரளவு பலிக்கும், காரணம் அது பிளாஸ்டிக்கைச் சீராக அராவி ஒளி சிதறுவதைக் குறைக்கிறது. வேறெந்த டிரைவிலும் படிக்காத தட்டுக்குக் கடைசி முயற்சியாக மட்டுமே அதைச் செய்யலாம். புளூரேயில் செய்யவே கூடாது, அதன் காப்புப் படலம் 0.1 மி.மீ. தான். தட்டைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதை நம் ஊர்க் காற்றில் யாரும் முயல வேண்டாம், வெளியே எடுத்ததும் தண்ணீர் சொட்டும்.

லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டும் சிறு திருகு பற்றி இருவேறு கருத்து நிலவுகிறது. பழைய சிடி கண்களில் அதைத் திருப்பினால் செத்ததாக நினைத்த டிரைவ் எழுந்து படிக்கும். தளர்ந்த லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்தால் அதன் மிச்ச ஆயுளும் விரைவில் தீரும் என்பதும் உண்மை. ஒருமுறை படித்தால் போதும் என்று சொல்லும் நான் இதை ஆதரிக்க வேண்டுமென்று தோன்றலாம். ஆதரிக்கவில்லை. கொஞ்சம் அளவு மீறினாலும் லேசர் அந்த நொடியே வெறும் விளக்காகிவிடும். இன்னொரு டிரைவைக் கடன் வாங்குவதில் அந்த ஆபத்து இல்லை.

இன்னொரு டிரைவ் என்பதே இந்தக் கேள்வி முழுவதிலும் வலுவான பதில். இரண்டு டிரைவ்கள் ஒரே தட்டை ஒரே மாதிரி படிப்பதில்லை. லேசரின் வலு, லென்ஸின் சாய்வு, பிழைதிருத்தும் சில்லின் திறமை எல்லாம் வேறு. ஒன்று தடுக்கி விழும் இடத்தை மற்றொன்று கடந்துபோகும். குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. முதல் டிரைவில் படித்த துண்டுகளையெல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து, படிக்காதவை எவை என்ற வரைபடத்தையும் எழுதிவைக்கும். தட்டை அடுத்த டிரைவுக்கு மாற்றி அதே வரைபடத்தோடு தொடங்கினால் விடுபட்டவற்றை மட்டும் தேடும். மூன்றாவது டிரைவில் மேலும் கொஞ்சம் கிடைக்கும். எந்த ஒரு டிரைவாலும் முழுதாகப் படிக்க முடியாத தட்டின் முழு நகல் இப்படி உருவாகிவிடுவதுண்டு. விசிடியின் காட்சிப் பகுதிக்கு மட்டும் முன்பு சொன்ன கூடுதல் அடுக்கு இல்லாத அமைப்பு குறுக்கே நிற்கும்; அதற்கு ஐசோபஸ்டர் பொருத்தமானது. பாட்டு சிடிக்கு சிடிபாரனோயா இருக்கிறது. மூன்றுக்கும் பொதுவான அறிவுரை, வேகத்தைக் குறைத்து இரவெல்லாம் ஓடவிடுவது.

இதனால் பழைய டிரைவ்களின் மதிப்பு கூடுகிறது. மேசைக் கணினிகளில் இருந்த முழு அளவு டிரைவ்கள், இப்போது விற்கும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ்களைவிடக் கெட்ட தட்டுகளைப் பொறுமையோடு படிக்கின்றன என்பது என் அனுபவம். அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம். புதிய பதிவுத் தட்டுகளின் வரவும் சுருங்கிக்கொண்டே வருகிறது.  சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் புளூரே தட்டுகளின் உற்பத்தியையே நிறுத்தியது. நல்ல பதிவுத் தட்டுக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் தையோ யூடன் 2015 முடிவிலேயே அத்தொழிலை விட்டு வெளியேறியிருந்தது.

பாயான் லெப்பாஸில் 1972இல் தொழிற்பேட்டை திறந்தது முதல் ஒளியுமிழும் டயோடுகளும் ஒளிக் கருவிகளும் செய்துவரும் தீவு இது. லென்ஸையும் லேசரையும் நுண்ணோக்கியின் கீழ் கையாண்டு பழகிய விரல்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றில் தமிழ் விரல்கள் ஏராளம். ஒரு கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியின் கணினி அறையிலோ முழு அளவு டிரைவ்கள் நான்கைந்தைச் சேகரித்து, ஒரு கணினியில் பொருத்தி, வார இறுதியில் யாரும் தட்டைக் கொண்டுவந்து நகலெடுத்துப் போகலாம் என்று அறிவிக்க அதிகச் செலவாகாது. 1906 முதல் கோயில் சொத்துகளைப் பராமரித்துவரும் இந்து அறப்பணி வாரியம் போன்ற அமைப்பு முன்வந்தால், கும்பாபிஷேகத் தட்டுகளில் தொடங்கலாம். கொம்தாரில் தொடங்கிய பினாங்கு இசை இல்லம் இந்த மண்ணின் பாட்டைச் சேகரித்தது. அதைப்போல் இந்த மண்ணின் குடும்பங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

எதை முதலில் எடுப்பது என்பதற்கு வரிசை இருக்கிறது. வேறு பிரதி இல்லாத, வீட்டில் பதிந்த டிவிடி ஆர் தட்டுகள் முதலில். பிறகு அழித்துப் பதியும் வகைகள். பிறகு பதிவு செய்த சிடிகளும் விசிடிகளும். அவற்றுள் கருநீலமும் பசுநீலமும் முன்னே, வெளிர்பொன் பின்னே. காகிதம் ஒட்டியவை, விளிம்பில் கறை படிந்தவை எந்த வகையானாலும் வரிசையைத் தாண்டி முன்னுக்கு வரட்டும். ஹாலோகிராம் ஒட்டிய திரைப்படத் தட்டுகள் கடைசி. நகலெடுத்த கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்து, இரண்டையும் திறந்து கடைசி நிமிடம்வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகும் தட்டை எறிய வேண்டாம். உலர்ந்த பெட்டியில், நிமிர்த்தி, நிழலில் வைத்தால் போதும்.

"சிடி போச்சு" என்று யாராவது சொன்னால் எத்தனை டிரைவில் போட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.